முதலில் இடுப்பு, முகம் கடைசியில்

கேள்வி: பதினாறு, பதினேழு வயது மாணவர்கள் 14 பேருக்குக் களிமண்ணில் மனித உருவம் செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். வாரத்தில் 2 வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். எலும்பு, தசைப் படங்களைச் சுவரில் ஒட்டி, பெயர்களையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். 2 மாதமாகியும் எல்லா உருவமும் பொம்மை மாதிரி விறைத்து நிற்கிறது. முதல் வகுப்பிலேயே கண், மூக்கு வைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மூன்று உருவங்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சரிந்துவிட்டன. காய்ந்தவற்றில் கணுக்கால் வெடித்திருக்கிறது. சூளையில் வைத்த ஒன்று சிதறியே போனது. தசைப் பாடத்தை இன்னும் ஆழமாக நடத்த வேண்டுமா? மாடல் இல்லாமல் இதைக் கற்பிக்க முடியுமா? மாணவர் உருவத்தில் நான் கைவைத்துத் திருத்தலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

தசைப் பாடத்தைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வையுங்கள். தசையின் பெயர் தெரியாததால் உங்கள் மாணவர்களின் உருவங்கள் விறைக்கவில்லை. நிற்கிற மனிதனின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு, தோளையும் இடுப்பையும் மட்டம் பார்த்து வைத்தாற்போல வைத்து, கைகளை இருபுறமும் தொங்கவிட்டால் எவ்வளவு அழகாகத் தசை செதுக்கினாலும் அது அணிவகுப்பில் நிற்கிற ஆள்தான். நம் சிற்பிகள் இந்த நிலையைச் சமபங்கம் என்பார்கள். அங்கே அது வேண்டுமென்றே எடுத்த முடிவு. உங்கள் வகுப்பில் அது யாரும் முடிவெடுக்காததால் தானாக வந்து நின்றது.

அடுத்த வகுப்பில் மண்ணைத் தொடாமல் பத்து நிமிடம் செலவிடுங்கள். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். இடுப்பின் முன்பக்கம் இரண்டு புறமும் எலும்பு முனை துருத்திக்கொண்டு இருக்கும். அதில் ஆளுக்கு இரண்டு கட்டைவிரலையும் வைக்கட்டும். இப்போது முழு எடையையும் வலக்காலுக்கு மாற்றி, இடது முழங்காலைத் தளரவிடச் சொல்லுங்கள். இடது கட்டைவிரல் கீழே இறங்கும், வலது ஏறும். வகுப்பில் யாராவது ஒருவர் 'அட' என்பார். அந்த 'அட'வை விட்டுவிடாதீர்கள். தோளைக் கவனிக்கச் சொல்லுங்கள். வலது இடுப்பு ஏறியதால் வலது தோள் தானாகத் தாழ்ந்திருக்கும். வலது இடையில் சதை மடிந்து நெருங்கியிருக்கும், இடது இடை நீண்டு இழுபட்டிருக்கும். முதுகெலும்பு நேர்கோடாக இல்லாமல் வளைந்திருக்கும். அபங்கம் (லேசான வளைவு), திரிபங்கம் (மூன்று இடத்தில் வளைவு) என்று நாம் கேள்விப்பட்ட சொற்களெல்லாம் இந்த ஒரு அசைவின் பெயர்கள்தான். கிரேக்கத்தில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிற்பி பாலிக்ளீட்டஸ் வார்த்த ஈட்டி ஏந்திய இளைஞனும் இப்படித்தான் நிற்கிறான். மூல வெண்கலம் தொலைந்துவிட்டது, பிற்கால ரோமானியப் பளிங்குப் பிரதிகள் வழியாகத்தான் நமக்கு அவனைத் தெரியும். பிரதியிலும் அந்த இடுப்புச் சாய்வு அப்படியே இருக்கிறது.

அதன்பிறகு மண்ணைக் கொடுங்கள், ஆளுக்கு ஒரு கைப்பிடி. உயரம் 15 செ.மீ. தாண்ட வேண்டாம். உள்ளே தாங்கும் கம்பி வேண்டாம், கருவி வேண்டாம், நேரம் பத்து நிமிடம். ஒரே உருண்டையிலிருந்து தலை, கைகால்களை இழுத்து எடுக்கட்டும். தனித்தனியாக உருட்டி ஒட்டுவதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். தனியாக உருட்டிய கால் எப்போதும் குழாயாகவே இருக்கும். இடுப்பிலிருந்து இழுத்த கால் இடுப்போடு சேர்ந்து அசையும். தோள் மட்டத்தில் ஒரு தீக்குச்சி, இடுப்பு மட்டத்தில் ஒரு தீக்குச்சி குறுக்காகக் குத்தி வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் இணையாக இருந்தால் உருவம் செத்துக் கிடக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். கம்பியில்லாத ஈரமண்ணில் நிற்கிற உருவம் அதிக நேரம் தாங்காது. அதனால் முதல் சில வகுப்புகளில் உட்கார்ந்த, படுத்த, குந்திய, சுவரில் சாய்ந்த நிலைகளையே கொடுங்கள். ஒரு வகுப்பில் ஒருவர் ஐந்து உருவம் செய்யலாம். ஐந்தையும் முடிவில் நசுக்கிவிடட்டும். முதல் நாள் நசுக்க மனசு வராது. மூன்றாவது வகுப்பில் சிரித்துக்கொண்டே செய்வார்கள். பயமில்லாமல் மண்ணைக் கையாளத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம்.

இனி நிற்கும் உருவத்துக்கு வருவோம். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு உங்களுக்குத் தெரியும். ஒரு நூலில் ஒரு நட்டைக் கட்டினால் அதுவே போதும். ஒற்றைக் காலில் எடை போட்டு நிற்பவரின் கழுத்துக் குழியிலிருந்து நூலைத் தொங்கவிட்டால், அது எடை தாங்கும் பாதத்தின் உள் கணுக்காலை ஒட்டி இறங்கும். என் மாணவி ஒருத்தி மூன்று வாரம் உழைத்துச் செய்த உருவம் ஏதோ சரியில்லை, சரியில்லை என்று முகத்தையே மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தாள். நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். நூல் இரண்டு பாதத்துக்கும் நடுவில் வெற்றிடத்தில் இறங்கியது. அந்த ஆள் உயிரோடு இருந்தால் இந்நேரம் விழுந்திருப்பான். உடலை மொத்தமாகப் பிடித்து ஒன்றரை செ.மீ. நகர்த்தினாள். முகத்தில் ஒரு விரல்கூட வைக்கவில்லை. அத்தோடு சரியாகிவிட்டது.

முகத்தில் கைவைக்க நீங்கள் ஒரு நாள் குறித்துவிடுங்கள். நான் எட்டாவது வகுப்புவரை விடுவதில்லை. அதுவரை தலை என்பது ஒரு முட்டை, அதில் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்ட நடுவில் ஒரு கோடு. அழுகிறார்கள், கெஞ்சுகிறார்கள், விடாதீர்கள். கண் வைத்துவிட்டால் அந்த உருவம் அவர்களைப் பார்க்கத் தொடங்கிவிடும். பிறகு அதன் கழுத்தை வெட்டித் திருப்பவோ, தலையைச் சிறிதாக்கவோ யாருக்கும் கை வராது. தலை பெரிதாகிப்போவதும் இதனால்தான். ஆர்வம் எங்கே இருக்கிறதோ அங்கே மண் சேரும். வளர்ந்தவரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை. பாதி உயரம் தொடைகள் சேரும் இடத்தில் விழும், தொப்புளில் அல்ல. கண்கள் தலையின் பாதி உயரத்தில் இருக்கும். மாணவர்கள் எப்போதும் நெற்றியைத் தின்றுவிட்டுக் கண்ணை மேலே ஏற்றுவார்கள், பின்மண்டையைச் சப்பையாக வெட்டிவிடுவார்கள். உள்ளங்கையை மோவாயில் ஊன்றி விரல்களை முகத்தின் மேல் விரித்தால் நடுவிரல் நெற்றியின் மேல்பகுதி வரை போகும். கை இவ்வளவு பெரிதா என்று அவர்களே நம்ப மாட்டார்கள். ஒரு குச்சியில் தலை அளவைக் குறித்து ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள். முகத்தின் நீளத்தைத் தாலம் என்று பிடித்து உடலை அளக்கும் முறை நம் சிற்ப நூல்களிலும் உண்டு. ஆனால் அது தெய்வ உருவங்களுக்கு வகுத்த இலக்கணம். எதிரே நிற்கிற ஆளை அதில் அடைக்கப் பார்த்தால் அவர் ஆளாக இருக்க மாட்டார்.

உடற்கூறு வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசை மாறிவிட்டது என்கிறேன். தொட்டுப் பார்த்தால் எலும்பு உடனே தட்டுப்படும் இடங்கள் சில உண்டு. கழுத்துக் குழி, தோள் முனை, விலாக்கூட்டின் கீழ் வளைவு, இடுப்பு முனைகள், தொடையின் வெளிப்புறத்தில் இடுப்புக்குக் கீழே தட்டுப்படும் மேடு, முழங்கால் சில்லு, கணுக்கால். ஆள் குண்டானாலும் ஒல்லியானாலும் எலும்பின் இடம் மாறாது. முதல் இரண்டு மாதத்துக்கு இவை போதும். அடுத்ததாக, உடல் எங்கெல்லாம் சமச்சீராக இல்லை என்று காட்டுங்கள். உள் கணுக்கால் உயரம், வெளிக் கணுக்கால் தாழ்வு. கெண்டைக்கால் சதை அதற்கு நேர்மாறு, வெளிப்புறம் மேலே புடைக்கும், உள்புறம் கீழே புடைக்கும். விலாக்கூடு பின்னோக்கிச் சாயும், இடுப்பெலும்பு முன்னோக்கிச் சாயும். கழுத்து தூண் மாதிரி செங்குத்தாக நிற்காது, முன்னோக்கிச் சாய்ந்து தலையைத் தாங்கும். இந்த நான்கைந்து சாய்வுகள் வந்துவிட்டால் பாதிப் பொம்மைத்தனம் போய்விடும். தசைகளின் பெயர் அதற்கப்புறம் தானாகத் தேவைப்படும். அப்போது தோலுரித்த உடலைக் காட்டும் பயிற்சிச் சிற்பம் ஒன்றின் பிளாஸ்டர் பிரதி கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். பிரெஞ்சுச் சிற்பி ஊடோன் 1767இல் செய்தது இன்றும் வகுப்பறைகளில் நிற்கிறது. சுவர்ப் படத்தைவிட ஆயிரம் மடங்கு மேல், ஏனென்றால் சுற்றி வரலாம்.

சுற்றி வருவது என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் மாணவர்களிடம் சுழல்மேடை இருக்கிறதா? நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை. இல்லையென்றால் இரண்டு பலகைக்கு நடுவே ஒரு பேரிங் வைத்து ஒன்றைச் செய்துவிடலாம். உட்கார்ந்த இடத்திலிருந்து செய்த உருவம் முன்பக்கம் அழகாக இருக்கும், பக்கவாட்டில் திருப்பினால் பலகை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் கைதட்டுவேன். தட்டியதும் எல்லோரும் மேடையை எட்டில் ஒரு பங்கு திருப்ப வேண்டும், மாடல் நின்றால் அவரும் அதே அளவு திரும்ப வேண்டும். வேலை பாதியில் நின்றாலும் சரி. பிரெஞ்சுச் சிற்பி ரோடின், உருவத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு கோணத்திலும் வெளிக்கோட்டை ஆளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தே வேலை செய்தவர். அவருடைய 'வெண்கல யுகம்' 1877இல் காட்சிக்கு வந்தபோது, உயிருள்ள ஆளின் மேலேயே அச்செடுத்து வார்த்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார்கள். பின்னர் ஆளைவிடப் பெரிய அளவில் திருமுழுக்கு யோவானின் உருவத்தைச் செய்துகாட்டினார். அந்த அளவுக்கு யார் மேலும் அச்செடுக்க முடியாதல்லவா?

மாடல் இல்லாமல் முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களிடம் 14 மாடல்கள் இருக்கிறார்களே. உடம்பை ஒட்டிய விளையாட்டு உடை போதும். ஆளுக்கு 5 நிமிடம், பயிற்சி கூடிய பிறகு 15 அல்லது 20 நிமிடம், நடுவே ஓய்வு. பாதம் இருந்த இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள், ஓய்வு முடிந்து திரும்பும்போது அதே இடத்தில் நிற்க உதவும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நேரம் ஆக ஆக மாடலின் உடல் தளரும், இடுப்பு இறங்கும், தலை கவிழும். அதைத் துரத்திக்கொண்டே போனால் உருவமும் சோர்ந்துவிடும். முதல் சில நிமிடங்களில் பார்த்த சாய்வையே கடைசிவரை பிடித்துக்கொள்ளட்டும். நிற்கப் பிடிக்காதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம், அவர் நேரம் பார்த்துச் சொல்லட்டும். போட்டோவை மட்டும் நம்பாதீர்கள். கேமராவுக்கு ஒற்றைக் கண். பக்கத்தில் நின்று எடுத்தால் அருகில் உள்ள கை பெரிதாகவும் தூரத்துக் கால் சிறிதாகவும் விழும், மாணவர்கள் அந்தப் பிழையையும் பக்தியோடு மண்ணில் செய்து வைப்பார்கள்.

சரிந்த மூன்று உருவங்களைப் பற்றி. என் முதல் பெரிய உருவம் 60 செ.மீ. உயரம். காலையில் பட்டறைக் கதவைத் திறந்தால் தலை மார்புக்குள் புதைந்து, மண் மொத்தமும் இடுப்பில் வந்து குவிந்திருந்தது. கம்பி மட்டும் நிமிர்ந்து நின்றது, என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. ஈரமண் கனமானது, கம்பி வழவழப்பானது, வழுக்கிக்கொண்டு இறங்கத்தான் செய்யும். அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்குங்கள். முறுக்கின் இடுக்குகளில் மண் பிடித்துக்கொள்ளும். மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் சிறு மரத்துண்டுகளைச் சிலுவையாகக் கட்டி மெல்லிய கம்பியில் தொங்கவிடுங்கள், அவை மண்ணைத் தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உருவத்தின் எடை அதன் கணுக்காலில் இறங்கக் கூடாது. பலகையில் திருகிய ஓர் இரும்புத் தண்டு பின்னாலிருந்து வந்து இடுப்பில் நுழைந்து தாங்க வேண்டும். 35, 40 செ.மீ. உருவத்துக்கும் இது வேண்டும். கம்பியில் முழங்கால், முழங்கை, இடுப்பு எங்கே வருகிறது என்று மண் வைக்கும் முன்பே டேப் சுற்றிக் குறித்துக்கொள்ளட்டும். கம்பிக்கூட்டை வளைத்த உடனேயே அந்த இடுப்புச் சாய்வு அதில் தெரிய வேண்டும். கம்பி விறைப்பாக இருந்தால் மண் போட்டு அதைக் காப்பாற்ற முடியாது.

உருவம் விழுந்தவர்களுக்கு ஆறுதலாக பிரெஞ்சு ஓவியர் டெகாவைப் பற்றிச் சொல்லுங்கள். 1881இல் அவர் காட்டிய பதினான்கு வயது நடனச் சிறுமியின் மெழுகு உருவத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, உள்ளே கம்பியோடு கயிறும் ஓவியத் தூரிகைகளின் கட்டைகளும் இருந்தன. கையில் கிடைத்ததையெல்லாம் உள்ளே திணித்திருக்கிறார். 1917இல் அவர் இறந்தபோது பட்டறையில் ஏறக்குறைய 150 உருவங்கள் கிடைத்தன, அவற்றில் பல உடைந்து கிடந்தன.

கணுக்கால் வெடிப்புக்கும் கம்பிதான் காரணம். களிமண் காயும்போது சுருங்கும், சுட்டால் இன்னும் சுருங்கும். மண்ணுக்கு மண் வேறுபட்டாலும் நீளத்தில் மொத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு போய்விடும். உள்ளே இருக்கும் கம்பி சுருங்காது. மெலிந்த இடத்தில் மண் கிழியும். அதனால் முன்கூட்டியே முடிவெடுங்கள்: கம்பி வைத்த உருவம் சூளைக்குப் போகாது. அதை ஈரமாக வைத்திருந்து முடித்து, வேண்டுமானால் பிளாஸ்டரில் அச்செடுக்கலாம். உங்களுக்கு வாரம் இரண்டே வகுப்பு என்பதால் எண்ணெய்க் களிமண்ணை யோசித்துப் பாருங்கள். காயாது, நனைத்துத் துணி சுற்றும் வேலை இல்லை, திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். சுட மட்டும் முடியாது.

சுட வேண்டிய உருவத்தைக் கம்பியில்லாமல், சுட்ட மண்தூள் கலந்த களிமண்ணில் செய்யுங்கள். உட்கார்ந்த நிலைதான் உத்தமம். மண் தோல் பதத்துக்கு வந்ததும், அதாவது அமுக்கினால் வளையாமலும் வெட்டினால் நொறுங்காமலும் இருக்கும்போது, கம்பியால் இரண்டாக அறுத்து உள்ளே குடைந்து எடுக்கட்டும். சுவர் ஒன்றரை செ.மீ. கனம் இருக்கலாம். வெட்டிய முகங்களைக் கீறி, களிமண் குழம்பு தடவி ஒட்டி, தெரியாத இடத்தில் ஒரு துளை. கை, கால் நுனிகள் முந்திக் காய்ந்துவிடும், அவற்றைப் பாலித்தீனில் சுற்றி வையுங்கள்.

சூளையில் சிதறியதற்குக் காற்றுக்குமிழிதான் காரணம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். குற்றவாளி தண்ணீர். காயாத மண்ணுக்குள் மீதமிருந்த நீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கும் மேல் விரியப் பார்க்கும். வழி கிடைக்காவிட்டால் உடைத்துக்கொண்டு வரும். கனமான இடத்தில்தான் ஈரம் ஒளிந்திருக்கும், குடையச் சொல்வதும் அதனால்தான். உருவத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்தது என்று நம்பினாலும் 100 டிகிரிக்குக் கீழேயே சில மணி நேரம் சூளையைப் பிடித்து வையுங்கள். பிறகு 573 டிகிரியை ஒட்டி ஏற்றத்திலும் இறக்கத்திலும் நிதானம் தேவை, மண்ணில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் அங்கே சட்டென்று அளவு மாறும். வகுப்பு முடிந்து தரையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், களிமண் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைக்கட்டும்.

கடைசிக் கேள்வி, திருத்தலாமா என்பது. நான் மாணவனாக இருந்தபோது, கை கழுவிவிட்டு வருவதற்குள் ஆசிரியர் என் உருவத்தின் முதுகில் நாலே நாலு இழுப்பு இழுத்து உயிர் கொடுத்துவிட்டார். நின்று பார்த்தேன், அற்புதம். அதன்பிறகு அந்த உருவத்தைத் தொட எனக்குத் தைரியம் வரவே இல்லை, முடிக்காமலே விட்டேன். அவர் மேல் கோபப்பட்டவன், ஆசிரியரானதும் பல வருஷம் அதையேதான் செய்தேன். கை அரிக்கும், என்ன செய்ய. இப்போது வகுப்பில் சுற்றும்போது இடக்கையில் ஒரு பிடி மண் வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டியதை அதில் செய்து காட்டி, அவர்கள் கண்முன்னாலேயே நசுக்கிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவேன். அவர்கள் உருவத்தில் நான் வைப்பது தீக்குச்சியும் நூலும் மட்டும். அதையும் கேட்டுவிட்டு.

இப்போது அலமாரியில் நிற்கிற சுடாத பொம்மைகளை என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். கம்பியை உருவிவிட்டு உடைத்து, எலும்புபோல் காய்ந்ததை வாளித் தண்ணீரில் போடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த கட்டி நாள்கணக்கில் கரையாமல் கிடக்கும், முழுக்கக் காய்ந்தது போட்ட சில மணி நேரத்தில் தானாக உதிரும். மேல் தண்ணீரை வடித்து, பிளாஸ்டர் பலகையில் பரப்பி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் பிசைந்து உருட்டிவிட்டால் பத்து நிமிட உருவங்களுக்கு மண் தயார். ஒவ்வொருவரையும் தங்களுடைய பொம்மையை உடைக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்க நன்றாக இருக்கும்.